பழைய வரி முறையிலேயே இருக்கலாமா? ஜூலை 31-க்குள் போட வேண்டிய கணக்கு

ஜூன் பாதி தாண்டி சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் ஃபார்ம் 16 கைக்கு வந்ததும் என் மச்சினன் போன் செய்வான். சென்னையில் ஐடி வேலை, வேளச்சேரியில் வாடகை வீடு. அப்பா அம்மா இருக்கும் மதுரை வீட்டுக்கு வங்கிக் கடன். வருமான வரிக்குப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள்; எதில் ரிட்டர்ன் போடுவது என்று வருஷா வருஷம் ஒரே கேள்விதான்: "அத்தான், பழசா புதுசா?"

போன வருஷம் சொன்ன பதிலையே இந்த வருஷமும் சொல்லிவிட முடியாது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் புதிய முறையின் வரி விகிதங்கள் அடியோடு மாறின. அந்த மாற்றம் 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும். அதாவது, இப்போது ரிட்டர்ன் போடப்போகும் வருஷத்துக்கு. பழைய முறை அப்படியே நிற்கிறது.

புதிய முறையை மனப்பாடம் செய்வது சுலபம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் ஐந்தைந்தாக ஏறும்: 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 30. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை என்றால் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு, ஆக வரி பூஜ்யம். சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் சம்பளம் வரை ஒன்றும் கட்ட வேண்டாம். பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி இல்லை. 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலையான கழிவு 50,000. தள்ளுபடி 5 லட்சத்தோடு நின்றுவிடும்.

விகிதத்தை மட்டும் பார்த்தால் பழைய முறையை யாரும் தொடவே மாட்டார்கள். அதன் பலம் கழிவுகளில் இருக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களிடம் எவ்வளவு கழிவு இருக்கிறது?

எல்லைக்கோடு எங்கே?

இரண்டு முறையிலும் வரி ஒரே அளவாக வரும் புள்ளியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். நிலையான கழிவை விட்டுவிட்டு, மற்ற கழிவுகள் மட்டும். சம்பளம் 15 லட்சம் என்றால் 5,43,750 ரூபாய். 20 லட்சம் என்றால் 7,08,333. 24.75 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 8 லட்சம். அதன்பிறகு இந்த எண் மாறுவதில்லை. உங்கள் கழிவுகள் இதைத் தாண்டினால் பழைய முறை. தாண்டாவிட்டால் புதியது.

சரி, 80சி (சேமிப்பு போன்றவற்றுக்கான கழிவுப் பிரிவு) இருக்கிறதே, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள். பிஎஃப், எல்ஐசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடனில் அசல் என்று எல்லாம் சேர்ந்து 80சி-யில் 1.5 லட்சத்துக்கு மேல் போகாது. என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் தனியாகப் போட்டால் 50,000. மருத்துவக் காப்பீட்டில் உங்கள் குடும்பத்துக்கு 25,000, அறுபது தாண்டிய பெற்றோருக்கு 50,000. மூன்றையும் விளிம்பு வரை நிரப்பினாலும் 2.75 லட்சம்தான் வருகிறது. 15 லட்சம் சம்பளக்காரருக்கே இன்னும் 2.7 லட்சம் பாக்கி.

அந்தப் பாக்கியை நிரப்பக்கூடிய பெரிய கழிவுகள் இரண்டுதான்: வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி. இவை இரண்டும் இல்லாதவர் பழைய முறையில் உட்கார்ந்திருந்தால் அரசாங்கத்துக்கு மொய் எழுதுகிறார் என்று அர்த்தம். பிப்ரவரி கடைசியில் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு அவசரமாக எடுத்த எண்டோமென்ட் பாலிசி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு 80சி இருக்கிறது" என்று பழைய முறையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

மச்சினனின் கணக்கு

அவனுக்கு இரண்டும் இருக்கின்றன. வாடகையும் கடனும். அதனால்தான் அவன் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

சம்பளம் 20 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் 8 லட்சம், வாடகைப் படி 4 லட்சம். மாத வாடகை 30,000, வருஷத்துக்கு 3.6 லட்சம். வாடகைப் படிக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு: வாங்கிய படி 4 லட்சம்; சென்னை என்பதால் அடிப்படையில் 50 சதவீதம், அதுவும் 4 லட்சம்; கட்டிய வாடகையில் அடிப்படையின் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2.8 லட்சம். ஆகக் கிடைப்பது 2.8 லட்சம். மாசம் முப்பதாயிரம் கொடுக்கிறோமே, முழுசாகக் கழியும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இதோடு முன்பு சொன்ன 2.75 லட்சம். மொத்தம் 5.55 லட்சம். நிலையான கழிவையும் எடுத்தால் வரிக்குரிய வருமானம் 13.95 லட்சம். பழைய முறையில் வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து வரி 2,40,240. புதிய முறையில் 20 லட்சத்தில் 75,000 போக 19.25 லட்சத்துக்கு, செஸ்ஸோடு 1,92,400. அதாவது வாடகை, 80சி, என்பிஎஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் காட்டியும் பழைய முறை 47,840 ரூபாய் கூடுதலாக வாங்குகிறது.

இப்போது மதுரை வீட்டைச் சேர்ப்போம். வேலை சென்னையில், சொந்த வீடு மதுரையில், அதை வாடகைக்கு விடவில்லை. எனவே வாடகைப் படியும் கேட்கலாம், கடன் வட்டியில் 2 லட்சம் வரை கழிவும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கூடாது என்று அவனுடைய அலுவலகத்தில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள், அது தவறு. வரிக்குரிய வருமானம் 11.95 லட்சமாக இறங்குகிறது. வரி 1,77,840. இப்போது பழைய முறைக்கு வெற்றி, 14,560 ரூபாயில்.

அவ்வளவுதானா என்றான். அவ்வளவுதான். வாடகையும் கொடுத்து, கடனும் கட்டி, என்பிஎஸ்ஸில் ஐம்பதாயிரத்தைப் பூட்டி, நாலு பேருக்கு இன்சூரன்ஸ் போட்டு, கடைசியில் மிஞ்சுவது மாசத்துக்கு ஆயிரத்து இருநூறு சொச்சம்.

இந்த லாபமும் நிலையானது இல்லை. அவன் கழிவு 7.55 லட்சம், எல்லைக்கோடு 7,08,333. இடைவெளி 46,667 ரூபாய். கடனில் அசல் அடைய அடைய வட்டி இறங்கும். வருஷ வட்டி 1,53,333-க்குக் கீழே வந்த அன்று பழைய முறை அவனுக்கும் முடிந்துவிடும். நடுவில் வாடகை குறைந்த வீட்டுக்கு மாறினாலோ, பெற்றோரின் பாலிசி விட்டுப்போனாலோ அதற்கு முன்பே முடியும்.

நான் சொன்னது இது: காகிதங்கள் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, இந்த வருஷம் பழைய முறையில் போடு. ஆனால் அதைக் காப்பாற்றுவதற்காகப் புதிதாக ஒரு ரூபாய்கூட எதிலும் போடாதே. இருக்கும் பிபிஎஃப்பை மூட வேண்டியதில்லை, வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். அதன் வட்டிக்கு எந்த முறையிலும் வரி இல்லை. பழைய எல்ஐசி பாலிசியை வரி முறை மாறிவிட்டது என்று கோபத்தில் சரண்டர் செய்வதும் நஷ்டம்தான்.

காகிதங்கள் என்று சொன்னேனே, அது சும்மா இல்லை. பழைய முறையில் 80சி என்று ஒரு மொத்தத் தொகையை எழுதிவிட்டுப் போன காலம் போய்விட்டது. போன வருஷத்திலிருந்து பாலிசி எண், கடன் கணக்கு எண், வாடகை விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பேன் எண்ணும் வேண்டும். பன்னிரண்டு மாத ரசீதையும் ஒரே சாயங்காலம் ஒரே நீலப் பேனாவில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, வீட்டுக்காரரிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது செல்லுமா என்பதைவிட, வாடகை வங்கி வழியாகப் போயிருக்கிறதா என்பதுதான் இன்று முக்கியம். மச்சினன் வீட்டுக்காரர் பேன் தர மூன்று வாரம் இழுத்தடித்தார்.

அந்த மதுரை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் கதை வேறு. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியைப் புதிய முறையிலும் அந்த வாடகை வருமானத்தில் கழிக்கலாம். வட்டி வாடகையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அதுதான் வித்தியாசம். இன்னொன்று, கம்பெனியே என்பிஎஸ்ஸில் போடும் பங்கு. புதிய முறையில் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. தனியார் ஊழியருக்குப் பழைய முறையில் 10-தான். எச்ஆரிடம் கேட்டால் சில கம்பெனிகளில் செய்து தருவார்கள்.

யோசிக்கவே தேவையில்லாதவர்கள்

தனியார் கல்லூரியில் 12.5 லட்சம் சம்பளம் வாங்கும் ஆசிரியர். புதிய முறையில் வரி பூஜ்யம். பழைய முறையில் 80சி முழுசும், இன்சூரன்ஸ் 25,000-மும் காட்டினாலும் 1,24,800. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது.

ஓய்வு பெற்ற 68 வயதுக்காரர். ஓய்வூதியம் 6 லட்சம், எஃப்டி வட்டி 4 லட்சம். புதிய முறையில் 75,000 போக 9.25 லட்சம், தள்ளுபடியில் வரி பூஜ்யம். பழைய முறையில் மூத்த குடிமக்களுக்கான 3 லட்சம் வரம்பு, வட்டிக்கு 80டிடிபி பிரிவில் 50,000, இன்சூரன்ஸுக்கு 50,000, 80சி 1.5 லட்சம் என்று எல்லாம் கொடுத்தும் 52,000 வரி வரும். சங்கடம் என்னவென்றால், பெரியவர்களில் பலருக்குப் பழைய முறைதான் பழக்கம். "எண்பது டிடிபி எனக்கு உண்டு, அதை விட மாட்டேன்" என்பார்கள். அந்த ஐம்பதாயிரத்துக்காக ஐம்பத்திரண்டாயிரம் கொடுக்கிறோம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினால்தான் நம்புவார்கள்.

அவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு வருஷ வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும் (2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 50,000-ஆக இருந்தது). வரி பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15எச் படிவம் கொடுக்காமல் விட்டிருந்தால் 4 லட்சம் வட்டியில் 40,000 பிடித்திருப்பார்கள். வரி பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும்.

12.75 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு ஒரு வீண் பயம் உண்டு: ஒரு ரூபாய் கூடினால் 60,000 வரியா? இல்லை. 13 லட்சம் சம்பளம் என்றால் வரிக்குரிய வருமானம் 12.25 லட்சம். 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வந்ததோ, அதற்கு மேல் வரி கேட்க மாட்டார்கள். ஆக 25,000, செஸ்ஸோடு 26,000.

உண்மையில் பயப்பட வேண்டியது பங்குச் சந்தைக்காரர்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்பது எல்லா வருமானத்துக்கும் இல்லை. 11 லட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர், வருஷத்துக்குள் வாங்கி விற்ற பங்குகளில் 60,000 லாபம் பார்த்திருக்கிறார் என்று வைப்போம். சம்பளத்துக்கு வரி இல்லை. அந்த 60,000-க்கு மட்டும் 20 சதவீதம், செஸ்ஸோடு 12,480 கட்டியே ஆக வேண்டும். தள்ளுபடி அதைத் தொடாது. வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபமாக இருந்தால் 1.25 லட்சம் வரை வரியே இல்லை. செல்போனில் ஆப் வைத்து டீக்கடையில் நின்றபடி விற்று வாங்கும் இளவட்டங்களுக்கு இது ஜூலையில்தான் தெரியவருகிறது.

வியாபாரிகள் விஷயம் தனி. சம்பளக்காரர் வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் எந்த முறையைச் சொல்லியிருந்தாலும் ரிட்டர்னில் வேறு முறைக்குப் போகலாம். வியாபார வருமானம் உள்ளவர் புதிய முறையிலிருந்து வெளியேற 10-ஐஇஏ படிவம் தர வேண்டும். வெளியேறிய பிறகு ஒரே ஒரு தடவைதான் திரும்ப வரலாம், வந்தால் அதோடு சரி. திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருப்பவரும் வீட்டுக் கடன் ஒன்றுக்காக இந்த வருஷம் மட்டும் மாறிப் பார்க்கலாம் என்று இறங்க முடியாது. ஆடிட்டரோடு அடுத்த நாலைந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தேதிதான் தீர்மானிக்கும்

மேலே சொன்ன கணக்கு எல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாண்டிவிட்டால் புதிய முறை மட்டுமே.

ஐடிஆர்-1, ஐடிஆர்-2 படிவங்களில் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு (அதாவது வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கு) அந்தத் தேதி ஜூலை 31. தணிக்கை தேவைப்படாத வியாபாரிகளுக்கு ஆகஸ்ட் 31 வரை நேரம் என்று 2026 பட்ஜெட்டில் பிரித்துவிட்டார்கள். போன வருஷம் நடந்ததைப் பார்த்து, இந்த வருஷமும் நீட்டிப்பார்கள் என்று பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். 2025-ல் படிவங்களே மாறியதால் மே மாதமே ஜூலை 31-ஐச் செப்டம்பர் 15 ஆக்கினார்கள். அப்புறம் கடைசி நாள் இரவு, இணையதளம் திணறிக்கொண்டிருக்கும்போது, இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள். அதை நம்பி இந்த வருஷமும் காத்திருப்பது சூதாட்டம்.

மச்சினன் ஜூலை 31-ஐத் தவறவிட்டால் என்ன ஆகும்? டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். ஆனால் வரி 1,77,840 இல்லை, 1,92,400. மிச்சப்படுத்திய 14,560 போச்சு. தாமதக் கட்டணம் 5,000 (மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 1,000). பாக்கி வரிக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி வேறு. பங்குகளில் நஷ்டம் இருந்தால் அதை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகும் உரிமையும் போய்விடும். புதிய முறைக்காரருக்கு, அதுவும் டிடிஎஸ் சரியாகப் பிடிக்கப்பட்டவருக்கு, தாமதத்தின் விலை பெரும்பாலும் அந்தக் கட்டணம்தான். பழைய முறைக்காரருக்கு முறையே போய்விடுகிறது.

ரிட்டர்னில் தவறு இருந்தால் திருத்துவதற்கான கெடு முன்பு டிசம்பர் 31. 2026 பட்ஜெட் அதைக் கட்டணத்தோடு மார்ச் 31 வரை நீட்டியிருக்கிறது. அதையும் விட்டவர்களுக்கு 48 மாதம் வரை புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது; தாமதத்தைப் பொறுத்து வரியோடு 25-லிருந்து 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். ரீஃபண்ட் கேட்க அது உதவாது. அந்த 68 வயதுக்காரர் தன் 40,000-ஐ நினைத்துக்கொண்டு இந்த வரியை இன்னொரு தடவை படிக்கட்டும்.

புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதே, இதெல்லாம் செல்லுமா என்று சிலர் கேட்கிறார்கள். 536 பிரிவுகள் கொண்ட 2025-ஆம் வருஷச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் இப்போது காட்டப்போவது 2025-26 வருமானம். அதற்கு 1961 சட்டமே. இந்த ஏப்ரலிலிருந்து வாங்கும் சம்பளத்துக்குத்தான் புதுச் சட்டம். அதில் 80சி-க்கு 123 என்று எண் மாறியிருக்கிறது, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர் வந்திருக்கிறது. விகிதங்கள் மாறவில்லை. எனவே மேலே உள்ள எல்லைக்கோடுகள் அடுத்த தடவைக்கும் செல்லும்.

நிலமோ வீடோ விற்றவர்களுக்கு இன்னொரு தேர்வு இருக்கிறது. இது பழைய முறை, புதிய முறை இரண்டுக்கும் பொது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாக இருந்தால், லாபத்தில் 12.5 சதவீதம் கட்டலாம், அல்லது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி மிச்சத்தில் 20 சதவீதம் கட்டலாம். 2005-06-ல் 10 லட்சத்துக்கு வாங்கிய மனை. அன்றைய குறியீடு 117, 2025-26-க்கு 376. ஆக விலை 32.14 லட்சமாக உயரும். 50 லட்சத்துக்கு விற்றிருந்தால் முதல் வழியில் வரி 5 லட்சம், இரண்டாவதில் சுமார் 3.57 லட்சம். அதே மனை 80 லட்சத்துக்குப் போயிருந்தால் 8.75 லட்சமும் 9.57 லட்சமும், கணக்கு தலைகீழ். மனை விலை எகிறிய இடங்களில் 12.5; மெதுவாக ஏறிய ஊர்களில் 20.

ஒரு விஷயம் என் சொந்தத் தவறு. ஒரு வருஷம் ரிட்டர்னை ஜூலையிலேயே போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். போட்ட 30 நாளுக்குள் அதைச் சரிபார்க்க வேண்டும், அதை மறந்துவிட்டேன். அந்தக் கெடு தாண்டினால் சரிபார்த்த நாளைத்தான் ரிட்டர்ன் போட்ட நாளாக எடுத்துக்கொள்வார்கள். பழைய முறைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று இப்போது புரியும்.

மச்சினனின் ஆதாரில் இன்னும் மதுரை வீட்டில் இருக்கும் மாமனாரின் செல்போன் எண்தான் இருக்கிறது. ரிட்டர்னைச் சரிபார்க்க அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி பதினைந்து நிமிஷத்துக்குள் வேண்டும். மாமனார் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு மணி வரை போனை எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் போட்டு முடிக்கிறோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.